ரஜாய்ப் பெட்டிக்கு எந்த மரம்? தேவதாரு, சீஷம், பிளைவுட், தகரம்

தில்லியில் ரஜாய்க்கு, அதாவது பஞ்சு அடைத்த கனமான போர்வைக்கு, மூன்று மாதம்தான் வேலை. மீதி ஒன்பது மாதம் அது சும்மா கிடக்கும், கிடக்க இடமும் கேட்கும். ஹோலி முடிந்த ஞாயிறு மொட்டைமாடியில் வெயில் காட்டி மடித்து வைத்தால், தீபாவளி கழிந்துதான் மறுபடி கை வைப்போம். எங்கள் வீட்டில் நாலு ரஜாய், ஐந்து கம்பளி, ஒரு மூட்டை ஸ்வெட்டர். அப்புறம் அம்மா கும்பகோணத்திலிருந்து வரும்போதெல்லாம் கொண்டுவரும் ஜமக்காளங்கள். இத்தனைக்கும் சேர்த்து ஒரு பெட்டியை நானே செய்வது என்று மூன்று வருடத்துக்கு முன்னால் முடிவு செய்தேன். எந்த மரத்தில் என்று முடிவு செய்யவே ஒன்றரை மாதம் போயிற்று. செய்து முடிக்கப் பதினோரு ஞாயிறு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் செய்தது தேவதாருவில். ஆகவே தராசு அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

என் பட்டறை ஜனக்புரியில் எங்கள் வீட்டு மாடியில் இருக்கும் பர்சாத்தி. தெரியாதவர்களுக்கு: மொட்டைமாடியில் ஒற்றை அறை, ஒரு காலத்தில் தில்லிக்கு வேலைக்கு வந்த பிரம்மச்சாரிகள் பாதிப்பேர் குடியிருந்த வகை. அங்கே ஒரு கனமான மேஜை, இரண்டு இழைப்புளி, ஐந்து உளி, ஒரு கொட்டாப்புளி, பாதிக்குமேல் இரவல் வாங்கிய கிளாம்ப்புகள். பெரிய மெஷின் எதுவும் கிடையாது. இதை மனதில் வைத்துப் படியுங்கள். மெஷின் இருப்பவர்களுக்குக் கணக்கு மாறும்.

பெட்டியின் அளவு நாலடி நீளம், ஒன்றே முக்கால் அடி அகலம், அதே உயரம். முக்கால் அங்குலப் பலகை. வெட்டுச் சேதம் எல்லாம் சேர்த்து நாலு கன அடி மரம் பிடிக்கும்.

தேக்கு ஏன் இல்லை என்று தமிழ்நாட்டிலிருந்து வரும் யாரும் முதலில் கேட்பார்கள். தேக்கு நல்ல மரம், சந்தேகமே இல்லை. கதவுக்கும் ஊஞ்சலுக்கும் போடலாம். வருடத்தில் ஒன்பது மாதம் மூடியே இருக்கும் பெட்டிக்கு அந்த விலையைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

தகரப் பெட்டி இந்த ஊர்க்காரர்களின் பதில். பஞ்சாபி வீடுகளில் ஆள் படுக்கும் அளவுக்குத் தகரப் பெட்டி இருக்கும். அதற்குப் பெயர் 'பேட்டி'. முதல் தடவை பக்கத்து வீட்டு அம்மாள் "எங்கள் வீட்டில் பெரிய பேட்டி இருக்கிறது, வந்து பார்" என்றபோது, அவர் யாரையோ நேர்காணல் செய்திருக்கிறார் என்று ஒரு நொடி நினைத்தேன். எலி நுழையாது, கரையான் தொடாது, விலையும் இருப்பதிலேயே குறைவு. பதினோரு மாத ஒப்பந்தத்தில் வீடு மாறிக்கொண்டே இருப்பவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு ஒரு தகரப் பெட்டி வாங்கிவிடலாம், தப்பே இல்லை. குறை ஒன்றுதான்: மழைக்காலத்தில் தகரத்தின் உள்பக்கம் வியர்க்கும். வண்ணம் பெயர்ந்த மூலையில் துரு பிடித்து, அந்தத் துரு ரஜாய் உறையில் இறங்கினால் எந்த சோப்புக்கும் போகாது. எங்கள் கல்யாணத்துக்கு வந்த வெள்ளைப் போர்வை ஒன்று அப்படித்தான் பாழானது.

பிளைவுட் இரண்டாவது சுலபம். எட்டுக்கு நாலடித் தாள் இரண்டு இருந்தால் பெட்டி முழுவதும் வந்துவிடும், மிச்சமும் இருக்கும். பலகையோடு பலகை ஒட்ட வேண்டாம், இழைக்க வேண்டாம். பருவத்துக்குப் பருவம் விரியாது, சுருங்காது. என்னைப் போன்ற ஞாயிற்றுக்கிழமைத் தச்சனுக்கு இது பெரிய வரம். தண்ணீர் தாங்கும் வகைக்கு ஐ.எஸ். 710, சாதாரண வகைக்கு ஐ.எஸ். 303 என்று முத்திரை இருக்கும், பார்த்து வாங்கலாம். விலையும் நான் விசாரித்த நாளில் தேவதாருவில் பாதிக்குக் கீழே. ஆனால் ஓரத்துக்குப் பட்டை, வெளியே லேமினேட், நல்ல கீல் என்று சேர்த்துக்கொண்டே போனால் அந்த வித்தியாசம் கரைகிறது. பிளைவுட்டோடு எனக்கு உள்ள உண்மையான சண்டை வேறு, அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

சீஷம் நம்மூர் ஈட்டியின் பங்காளி. அதே குடும்பம், கொஞ்சம் இளைத்த உறவு. பழுப்பில் கருங்கோடு ஓடும் அழகுக்கு வட இந்தியாவில் பாதி வீடுகளில் சோஃபா இதில்தான். பெட்டியின் வெளித்தோற்றம் மட்டும் போட்டியாக இருந்திருந்தால் தேவதாரு முதல் சுற்றிலேயே தோற்றிருக்கும். இது நகம் பட்டால் பள்ளம் விழாத மரம், குழந்தைகள் மேலே ஏறிக் குதித்தாலும் கவலையில்லை. பழசாக விற்கப் போனாலும் சீஷம் என்றால் வாங்க ஆள் வரும். தேவதாருப் பெட்டியைக் கேட்டு வந்தவர்களை நான் பார்த்ததில்லை.

ஆனால் கையால் இழைக்கிறவனுக்கு அது ஒரு தண்டனை. நார் ஒரு பக்கம் போகும், பாதியில் திரும்பி எதிர்ப்பக்கம் வரும். இழைப்புளி அங்கே சதையைப் பிடுங்குகிற மாதிரி பிடுங்கும். ஒரு சீஷப் பலகையில் மாதிரி பார்த்தபோது அரை மணிக்கு ஒரு தடவை இரும்பைத் தீட்ட வேண்டியிருந்தது. எடையும் கணக்கு: என் அளவுப் பெட்டி தேவதாருவில் 35 கிலோவுக்குப் பக்கம், சீஷத்தில் 50ஐத் தொடும். மூடி மட்டுமே 10 கிலோ வரும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கையை விட்டால் விழும் 10 கிலோ மூடி எனக்குப் பிடிக்கவில்லை. இன்னொன்று, சீஷத்தின் வைரம், அதாவது கருத்த நடுப்பகுதிதான் உறுதி. ஓரத்து வெள்ளைப் பகுதி உளுத்துப் போகும், இங்கே அதைக் 'குன்' என்பார்கள். சந்தையில் பலகை அகலமாக வேண்டும் என்று கேட்டால் வெள்ளையோடு சேர்த்துத்தான் தருகிறார்கள்.

இப்போது தேவதாரு. பெயர் விஷயத்தில் முதலில் ஒரு தெளிவு வேண்டும். அமெரிக்கர்கள் 'சிடார் செஸ்ட்' என்று கொண்டாடும் பெட்டியின் மரம் உண்மையில் சிடாரே இல்லை, ஜூனிபர் வகை. முன்பு பென்சில் செய்த அதே மரம். இமயமலைத் தேவதாருதான் லெபனான் சிடாருக்குக் கூடப்பிறந்த அசல் சிடார். கடல் மட்டத்துக்கு மேலே 1,500 மீட்டரில் தொடங்கி 3,000 மீட்டரையும் தாண்டி வளரும். இமாச்சலப் பிரதேசத்தின் மாநில மரமும் இதுதான். நம் பக்கத்துக் காடுகளில் தேவதாரம் என்று சொல்லும் சின்ன மரம் வேறு. அதற்கும் இதற்கும் உறவில்லை. காஷ்மீரில் படகு வீடுகளைத் தேவதாருவில் கட்டினார்கள், ஆங்கிலேயர் ரயில் தண்டவாளத்துக்கு அடியில் கட்டையாகப் போட்டார்கள். இரண்டுக்கும் காரணம் மரத்துக்குள் இருக்கும் எண்ணெய். ஈரத்துக்கும் பூச்சிக்கும் அது சுலபத்தில் மசியாது.

வாங்குவதில்தான் சூட்சுமம். கீர்த்தி நகர் மரச்சந்தையில் தேவ்தார் என்று கேட்டால் எல்லாக் கடையிலும் தலையாட்டுவார்கள். பஞ்சாபிக் கடைக்காரர்கள் 'தியார்' என்பார்கள். கைல் என்ற பைன் மரமும் மேலோட்டமாக அதே போலத்தான் இருக்கும், விலை குறைவு. நான் வாங்கிய ஒன்பது பலகையில் இரண்டு கைல். வீட்டுக்கு வந்து இழைத்த பிறகுதான் தெரிந்தது. ஏழு பலகை அறையையே மணக்க வைத்தன, இரண்டு மட்டும் சும்மா பிசின் வாசனை. அப்போதிருந்து கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு சின்ன உளி. பலகையின் ஓரத்தில் ஒரு சீவல் எடுத்து உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்ப்பேன். தேவதாரு என்றால் விரலில் லேசாக எண்ணெய் ஒட்டும். கடைக்காரர்கள் முறைப்பார்கள், முறைத்துவிட்டுப் போகட்டும்.

கையில் இது தங்கமான மரம். நார் நேராக ஓடும். இழைப்புளியிலிருந்து ரிப்பன் மாதிரி சீவல் சுருண்டு சுருண்டு வரும். தொல்லை கணுவில். கணு உள்ள இடத்தில் டவ்டெயில் (புறா வால் வடிவப் பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும் மூலை இணைப்பு) வெட்டினால் உளி நழுவும், அதனால் மூலைகளுக்குக் கணு இல்லாத நுனிகளாகப் பார்த்து ஒதுக்கிவைத்தேன். மென்மையான மரம் என்பதையும் மறைக்கவில்லை. எங்கள் பெட்டியின் மேல்மூடியில் மகள் பம்பரம் விட்ட தடம் வட்டமாக இன்னும் இருக்கிறது.

சரி, ஏன் இத்தனை குறையோடும் தேவதாரு? காரணம் பெட்டியின் உள்பக்கம்.

கடையில் பெட்டி பார்க்கும் யாரும் வெளியேதான் தடவிப் பார்க்கிறார்கள். ரஜாய் இருக்கப் போவது உள்ளே. மார்ச் கடைசியில் மூடினால் நவம்பர் வரை, ஏப்ரல் மே வறட்சியையும் ஜூலை ஆகஸ்ட் புழுக்கத்தையும் தாண்டி, உள்ளே இருக்கும் காற்று அப்படியே இருக்கும். உள்ளே என்ன பூசினீர்களோ அதன் வாசனைதான் நவம்பரில் போர்த்திக்கொள்ளக் கிடைக்கும். வெளியே ஒரு வாரத்தில் போய்விடும் வார்னிஷ் நெடி மூடிய பெட்டிக்குள் மாதக்கணக்கில் நிற்கும். எனவே நான் கேட்ட ஒரே கேள்வி: உள்ளே எதுவும் பூசாமல், வருடா வருடம் சிரமமில்லாமல் பராமரிக்கக்கூடிய மரம் எது?

பிளைவுட்டோடு சண்டை என்றேனே, அது இங்கேதான். பிளைவுட் பசையில் ஃபார்மால்டிஹைடு இருக்கும், புதுப் பிளைவுட் அலமாரியைத் திறந்தால் கண்ணில் எரியுமே அதுதான். குறைவாக வெளிவிடும் ரகங்கள் இப்போது கிடைக்கின்றன. ஆனாலும் உள்பக்கத்தைப் பச்சையாக விட முடியாது, ஓரம் ஈரம் குடித்து உப்பும். லேமினேட் ஒட்டினால் அது ஈரத்தை உறிஞ்சாது, தகரத்தைப் போலவே உள்ளே புழுங்கும். முன்பு எங்களிடம் இருந்த பிளைவுட் பெட்டிக்கட்டிலை ஒரு செப்டம்பரில் திறந்தபோது கம்பளி மடிப்பில் பச்சைப் பூசணம். சுவரில் ஓதம் இருந்த அறை என்பதையும் சொல்லிவிட வேண்டும், மொத்தப் பழியும் பிளைவுட்டின் மேல் இல்லை. ஆனால் அதைக் கழுவித் துடைக்கலாமே தவிர, புதுப்பிக்க வழியில்லை. மேல்தோலுக்குக் கீழே இழைக்க ஒன்றும் இல்லை.

சீஷத்தை உள்ளே வெறுமனே விடலாம். வைரம் நன்றாகத் தாங்கும். ஆனால் அது வெறும் பெட்டி, உள்ளே இருப்பதற்காக எதுவும் செய்யாது. அந்துருண்டையைத் தனியாகப் போட வேண்டும். அந்த நெடிக்கு என் மகள் தும்ம ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள்.

தேவதாருவை உள்ளே பச்சையாகத்தான் விட வேண்டும். வேறு வழியும் இல்லை, அதன் எண்ணெய் வார்னிஷை ஒழுங்காகக் காயவே விடாது. பராமரிப்பு இவ்வளவுதான்: குளிர்காலத்தில் பெட்டி காலியாக இருக்கும். ஹோலிக்கு முந்தைய வாரம் 120 நம்பர் உப்புத்தாளை ஒரு மரத்துண்டில் சுற்றி, நார் போகும் திசையில் நாலு சுவரையும் அடிப்பலகையையும் தேய்ப்பேன். இருபது நிமிஷம். முகமூடி போட்டுக்கொள்வேன், தூள் தொண்டையைக் கரகரக்க வைக்கும். காய்ந்த துணியால் துடைத்து இரண்டு நாள் திறந்தே வைத்தால் வேலை முடிந்தது. போன வருடம் தேய்ப்பதற்கு முன்னால் தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தால்தான் வாசனை தெரிந்தது. தேய்த்த பிறகு கூடம் வரை வந்தது. அப்போது ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, "ஏண்டா, நாட்டு மருந்துக் கடைக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கே" என்றாள். இந்த ஊரில் பூஜைக்கு ஏற்றும் கறுப்பு தூப்பிலும் இதே வாசனையைப் பிடிக்கலாம்.

வாசனையை மந்திரமாக நம்பவும் வேண்டாம். கம்பளியையும் பட்டையும் தின்பது அந்துப்பூச்சி இல்லை, அதன் புழு. அமெரிக்க சிடாரைப் பற்றிச் சொல்வது, அதன் எண்ணெய் அப்போது பொரித்த புழுவைத்தான் பாதிக்கும், வளர்ந்ததை ஒன்றும் செய்யாது என்று. தேவதாருவும் அதற்கு மேல் செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆகவே துவைத்து, வெயில் காட்டி, மடிப்பை உதறிவிட்டுத்தான் உள்ளே வைக்கிறோம். மூன்று வருடமாக ஓட்டை இல்லை. அதில் மரத்துக்கு எத்தனை பங்கு, வெயிலுக்கு எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

உள்பக்க விஷயத்தில் தேவதாரு ஒரு தடவை என்னைக் கவிழ்த்தது. முதல் கோடையில் ஒரு கணுவிலிருந்து எண்ணெய் கசிந்து, மேலாக வைத்திருந்த மனைவியின் வெளிர் நீலச் சால்வையில் எட்டணா அளவுக்குக் கறை. "பூச்சிக்குப் பயந்து எண்ணெய்ச் சட்டிக்குள்ள வெச்ச மாதிரி ஆச்சுங்க" என்றாள். அப்போதிருந்து கணு இருக்கும் இடங்களில் மட்டும் மெல்லிசாக அரக்கு தொட்டுவைக்கிறேன், துணிகளைப் பழைய வேட்டியில் சுற்றி வைக்கிறோம். வெளிப்பக்கம் முழுவதும் அதே அரக்கு, ஸ்பிரிட்டில் கரைத்த பாலிஷ். எண்ணெய் உள்ள மரத்தின் மேலும் அது பிடித்துக்கொள்ளும்.

செய்முறையில் ஒரே ஒரு எச்சரிக்கை, பிளைவுட்காரர்கள் இதைத் தாண்டிப் போகலாம். தில்லியில் மே மாதக் காற்று அப்பளம் காய்வது மாதிரி, ஆகஸ்டில் அதே அப்பளம் நமத்துப் போகும். மரமும் அப்படித்தான். நான் முதலில் செய்த மூடியில், பலகைகள் வளையாமல் இருக்க அடியில் இரண்டு குறுக்குச் சட்டத்தைப் பசை தடவி இறுக்கி ஒட்டினேன். மார்ச்சில் செய்தது. மே மூன்றாவது வாரம் மத்தியானம் மாடியில் பட்டாசு வெடித்த சத்தம். போய்ப் பார்த்தால் மூடியின் நடுவே ஓரத்துக்கு ஓரம் விரிசல். பலகை அகலவாக்கில் சுருங்கப் பார்த்திருக்கிறது, ஒட்டிய சட்டம் விடவில்லை. இரண்டாவது மூடியில் பசையே கிடையாது. சட்டத்தில் ஓட்டைகளை நீளவாக்கில் அறுத்து, திருகாணி நகர இடம் விட்டேன். மே மாதமும் ஆகஸ்டும் அளந்ததில் அகலத்தில் வித்தியாசம் ஒன்றரை நூல். எட்டு நூல் ஓர் அங்குலம் என்று நம் ஆசாரிகள் சொல்வதை இங்கே மிஸ்திரிகள் 'சூத்' என்கிறார்கள். அதுவும் எட்டுத்தான், அதற்கும் அர்த்தம் நூல்தான்.

நாலு சுவருக்கு இந்தப் பயம் இல்லை. மூலையில் டவ்டெயில் போட்டால் நான்கும் சேர்ந்தே உயரவாக்கில் ஏறி இறங்கும், ஒன்றையொன்று இழுக்காது. அடிப்பலகையை ஒட்டாமல், இரண்டு பலகைக்கு நடுவே ஒரு நூல் இடைவெளி விட்டுப் பரப்பினேன், காற்றும் போகும். பெட்டியை நேரே தரையில் வைக்கவில்லை. தினமும் ஈரத்துணியால் தரை துடைக்கும் வீடு. மாதிரி பார்த்த சீஷப் பலகையை வெட்டி நாலு கால் வைத்தேன், மூன்று அங்குல உயரம். சீஷம் என் பெட்டியில் நுழைந்தது அந்த வழியாகத்தான்.

தூன் என்ற மரத்தையும் சிலர் சொல்கிறார்கள், நம் ஊரில் சந்தன வேம்பு. அதற்கும் நல்ல மணம் உண்டு, நிறம் தேவதாருவைவிட அழகான சிவப்பு. நான் அதில் ஒரு தட்டு மட்டும் செய்திருக்கிறேன். பெட்டிக்கு எப்படி என்று சொல்ல அது போதாது.

எந்த மரமானாலும், தகரமே ஆனாலும், பூட்டு விஷயத்தில் எல்லாருக்கும் ஒரே பதில். மூடியதும் தானாக மாட்டிக்கொள்ளும் பூட்டு வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் பழைய சிடார் பெட்டிகளுக்குள் ஒளிந்த குழந்தைகள் அப்படி மாட்டி மூச்சுத் திணறி இறந்திருக்கிறார்கள். 1996-இல் அந்தப் பூட்டுகளை மாற்றித் தரும் அறிவிப்பே வந்தது. எங்கள் பெட்டிக்குப் பூட்டே வைக்கவில்லை. மூடியை எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கும் தாங்கி ஒன்று போட்டிருக்கிறேன். முன் விளிம்பில் ஒரு விரல் நுழையும் அளவு பள்ளம் குடைந்திருக்கிறேன், காற்றுக்கும் ஆயிற்று, திறக்கப் பிடிக்கவும் ஆயிற்று. மகள் இப்போது அந்தப் பள்ளத்தில்தான் பென்சிலைச் செருகி வைக்கிறாள்.